ஒன்றை அழுத்தாதவர்கள்

என் குரலைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வாங்கிய எவர்சில்வர் தட்டுகள் இன்னும் வீட்டில் புழக்கத்தில் இருக்கின்றன. மனைவி அவற்றை மீன் கழுவ எடுத்துக்கொள்கிறாள் என்பது வேறு விஷயம். முடி, பல், முழங்கால் என்று ஒவ்வொன்றின் மேலும் நம்பிக்கை போய்விட்ட ஐம்பது வயதுக்காரன், மிச்சமிருக்கும் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் கர்வப்பட்டால் தப்பில்லை என்று நினைத்திருந்தேன். அந்தக் கர்வத்தால் ஒரு புதன்கிழமைக் குஞ்சு முழுவதும் போக்கிடம் இல்லாமல் நின்றிருக்கும்.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் நான் மேனேஜர். முட்டைக்கோழிக் குஞ்சு. முட்டையை மெஷினில் அடுக்கினால் இருபத்தொன்றாம் நாள் உடைத்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு லீவு, ஸ்டிரைக், ராகுகாலம் எதுவும் கிடையாது. எங்களுக்கு அந்த நாள் புதன்கிழமை. பொரிந்த குஞ்சுக்கு ஊசி போட்டு, பெட்டியில் அடைத்து, மறுநாளுக்குள் பண்ணைகளில் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் வைத்துக்கொள்ள எங்களிடம் இடமும் கிடையாது, தீனியும் கிடையாது.

பண்ணைக்காரர்கள் மாதக்கணக்கில் முன்பே தேதி வாங்கியிருப்பார்கள். இருந்தாலும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம். ஒரு காலத்தில் கேட்காமல் அனுப்பி, அங்கே கொட்டகை கழுவாமல், சூடு கொடுக்கும் புரூடர் போடாமல் கிடக்க, இறக்கிய குஞ்சில் பாதி குளிரில் விறைத்துப்போனதாம். அதிலிருந்து 'கொட்டகை ரெடி' என்று பண்ணைக்காரர் வாயால் சொல்லாமல் வண்டி எங்கள் கேட்டைத் தாண்டாது.

இந்தக் கேட்கும் வேலையைப் பல வருடமாகப் புக்கிங் சீட்டில் இருக்கும் அம்மணிதான் பார்த்துவந்தார். ஒரு பண்ணைக்குக் கொட்டகை விசாரிக்க இரண்டு நிமிஷம், மகள் கல்யாணம் விசாரிக்க எட்டு நிமிஷம் என்று போகும். பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து, பதிவு செய்த குரலைப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டரே எல்லோரையும் கூப்பிடும் என்றார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து போகும், ஆனால் போகும். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. குரல் யாருடையது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வணக்கம். உங்கள் குஞ்சுகள் புதன்கிழமை தயாராகின்றன. கொட்டகை தயாராக இருந்தால் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால் இரண்டை அழுத்தவும்."

என் மேஜையில் உட்கார்ந்தபடி, என் செல்போனிலேயே பேசிப் பதிவு செய்தேன். அது இரண்டு வருடம் ஓடியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை என்பதை நான் மட்டும் கவனித்திருந்தேன்.

ஒருநாள் முதலாளி தன் நம்பருக்கே அதை வரவழைத்துக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இது நீங்க பேசறதுங்களா, இல்ல கெணத்துக்குள்ள உழுந்து கெடந்து கூப்புடறீங்களா?"

நானும் அப்போதுதான் முதல்முறையாக அதைப் போனில் கேட்டேன். கிணறு என்று அவர் சொன்னது தாராளம். தகர டின்னுக்குள் யாரோ ஒருவர், மில் ஓடும் இடத்தில் நின்று, பக்கத்தில் சண்டை நடக்கும்போது, நாலு முழத் துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. எவர்சில்வர் தட்டு வாங்கிய குரல். இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். புக்கிங் அம்மணி மட்டும், "இருக்கறதே நல்லாத்தானுங்க இருக்குது," என்றார். தன் வேலையைப் பறித்த குரல் கெட்டுக் கிடப்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சேலத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்சந்தில் அந்த ஸ்டூடியோ இருந்தது. மாதா பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி, தேர்தல் சமயத்தில் ஆட்டோவில் ஓடும் வாக்குறுதி எல்லாம் அங்கேதான் பதிவாகும் என்று அதை நடத்துபவர் சொன்னார். கழுத்தில் சிறிய சிலுவை, காதில் பென்சில், மரியாதையான மனிதர். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. முட்டைத் தொழிலில் இருக்கிறவன் வருகிறான் என்று நேற்றுதான் ஒட்டினாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"இது சத்தத்தைத் தடுக்குமா?"

"அது வர்றவங்க பாக்கறதுக்கு சார். வேலை செய்யறது அந்தக் கம்பளிதான்," என்று மூன்று பக்கமும் தடித்த கம்பளி தொங்கிய ஒரு மூலையைக் காட்டினார்.

உண்மையை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவர் வேறு எதையோ மறைக்கிறார் என்று யோசித்துக்கொண்டே கம்பளிக்குள் போய் நின்றேன்.

பழைய பதிவை அவர் ஒருமுறை ஓடவிட்டார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக் கேட்டார்.

"பின்னாடி பெரிய ஃபேன் ஓடுது. குஞ்சு கத்துது. யாரோ 'பெட்டிய எடுரா'ங்கறாங்க. நடுவுல கதவு இடிக்குது. இதுக்குள்ள உங்களத் தேடணும் சார்."

"பொரிப்பு நாள்ல பதிவு பண்ணினது. என்னை மட்டும் வையுங்க. மத்தது எதுவும் வேண்டாம்."

அடுத்த ஒரு மணி நேரத்தில் என் குரலைப் பற்றி நான் அறியாத பல விஷயங்களை அறிந்துகொண்டேன். மைக்குக்கு நேராகப் பேசினால் வாயிலிருந்து காற்று போய் அடிக்கிறது, அதனால் சற்று ஓரமாகத் திரும்பி நிற்க வேண்டும். உட்கார்ந்தால் வயிறு குரலை அமுக்குகிறது, அதனால் நிற்க வேண்டும். என் வயிற்றைப் பார்த்துவிட்டு அவர் இதை இரண்டாவது முறையும் சொன்னார். சிரித்தபடி படித்தால் கேட்பவருக்குத் தெரியுமாம்.

"எதுல சிரிக்கணும்?"

"புதன்கிழமைல சிரிங்க சார். இரண்டை அழுத்தவும்ல சிரிக்காதீங்க."

பதினோரு தடவை புதன்கிழமையில் சிரித்தேன். அவர் திருப்திப்படவில்லை.

"உங்க கம்பீரமெல்லாம் அடி ஸ்தாயில இருக்குது சார். போன் லைன் அதை வாங்காது. அடியையும் வெட்டிரும், உச்சியையும் வெட்டிரும், நடுவுல இருக்கறத மட்டும்தான் கொண்டுபோகும்."

"அப்போ என்ன மிஞ்சும்?"

"வார்த்தை மிஞ்சும் சார்."

முப்பது வருடமாக நான் பேணி வளர்த்த பகுதியை வாங்க எந்தப் போனும் தயாராக இல்லை என்பதைக் கம்பளிக்குள் நின்று ஏற்றுக்கொண்டேன். அவர் திரையில் என் குரலைக் கோடு கோடாகப் பரப்பிவைத்து வேலை பார்த்தார். சன்னமான இடத்தைத் தூக்கினார், உரத்த இடத்தை அமுக்கினார். வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவில் சின்னச் சின்ன மேடுகளாக இருந்ததை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அது என்ன?"

"உங்க மூச்சு சார். எடுத்துட்டேன்."

கடைசியாக அதைப் போனுக்கு ஏற்ற வடிவத்துக்குச் சுருக்கி, பெரிய ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஒரு பழைய பட்டன் போனில் போட்டு என் காதில் வைத்தார். "ஸ்பீக்கர்ல நல்லாருந்து என்ன பிரயோஜனம்? கேக்கறவங்க இதுலதான கேப்பாங்க?" என்றார். வேலை தெரிந்தவர், அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. போனுக்குள்ளிருந்து ஒருவன் பேசினான். வெயில் படாத ஊரில் பிறந்து, பசித்தே அறியாமல் வளர்ந்து, யாரிடமும் திட்டு வாங்காத ஒருவன். ஒவ்வொரு எழுத்தும் கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருந்தது. அது நான்தான் என்று நம்ப எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை அதை ஏற்றினோம். புக்கிங் அம்மணிக்குப் போட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்குதுங்க சார்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரொம்பவே நல்லாருக்குதுங்க," என்றார். முதல் தடவை சொன்னதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, திங்கட்கிழமை ஒருமுறை கம்ப்யூட்டர் எல்லோரையும் கூப்பிட்டது. ஒன்றை அழுத்தியவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி விழும். வழக்கமாகச் செவ்வாய்க் காலையில் பட்டியல் நாற்று நட்ட வயல் மாதிரி இருக்கும். அன்று பத்து மணிக்குத் திறந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று பேரில் நான்கு பச்சை. மற்றவர்கள் எல்லோரும் போனை எடுத்திருக்கிறார்கள், சில நொடியில் வைத்திருக்கிறார்கள். உள்ளே மெஷினில் முட்டைகள் விரிசல் விட ஆரம்பித்திருந்தன. மறுநாள் பொரியப்போகும் குஞ்சில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட இறங்க இடம் இல்லை.

முதலில் கோயம்புத்தூர்க்காரர்மேல் சந்தேகம். கூப்பிட்டேன். அவர் தன் நம்பரை அழுத்திப் பார்த்தார், என் நம்பரை அழுத்திப் பார்த்தார், இரண்டுக்கும் பச்சை விழுந்தது. பிறகு ஸ்டூடியோக்காரர்மேல். மூச்சை எடுக்கும்போது வேறு எதையோ சேர்த்து எடுத்துவிட்டாரோ? மூன்றாவதாக, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புக்கிங் அம்மணி யாருடனோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து போய், அவர் மேஜைக்கு மேலே தொங்கிய காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். ஒன்றும் காதில் விழவில்லை.

"பண்ணைக்காரங்ககிட்ட நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"என்னத்துங்க சார் சொல்லோணும்?"

"ஒண்ணை அழுத்த வேண்டாம்னு."

அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். போனை எடுத்துத் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை நடுவில் வைத்தார்.

"ஏனுங்ண்ணா, குஞ்சுக்குப் போன் வந்துச்சுங்களா?"

"எங்கீங்க அம்மணி வந்துச்சு? நானும் அதத்தான் பாத்துட்டிருக்கறேன். நாளைக்குப் பொரிப்புதானுங்களே? இங்க எல்லாம் ரெடியா கெடக்குது."

"ஞாயித்துக்கெழம ஒருக்கா, நேத்து ஒருக்கா வந்திருக்குமேங்ண்ணா?"

"அது எவனோ பேங்குக்காரனாட்டப் பேசுனானுங்க. வணக்கம்னான். அப்பவே வெச்சுப்போட்டேன். இவனுங்க ஒண்ண அமுத்துங்கறானுங்க, அமுத்துனா இருக்கறதெல்லாம் போயிருதாமா. எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு அப்படித்தான் ஏமாந்துட்டு ஸ்டேசனுக்கு நடையா நடக்கறாரு."

"அது நம்ம கம்பெனிதானுங்ண்ணா."

"நம்ம கம்பெனின்னா குஞ்சு கத்துமில்லீங்க? பொறத்தால ஒருத்தரு பெட்டி பெட்டிம்பாரு. அது கேட்டுதுன்னா நானு ஒண்ண அமுத்திருவேன். முன்னால அந்தாளு என்ன பேசறான்னு யாரு கேட்டா?"

அந்த ஆள் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏதாவது ஒரு சுத்தமான குரல் எல்லோருக்கும் போன் பண்ணுகிறது. கார்டு முடங்கிவிட்டது என்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்கிறது, ஒன்றை அழுத்து என்கிறது. இரைச்சலோடு, இருமலோடு, பின்னால் யாரையாவது திட்டிக்கொண்டு எந்தத் திருடனும் கூப்பிடுவதில்லை. நம்பரும் தெரியாது என்னும்போது அவர்களுக்கு அடையாளம் என்று இருந்தது அந்த ஃபேனும் குஞ்சும் கதவுமே. அதைப் பணம் கொடுத்துத் துடைத்துவிட்டு, என்னைத் திருடனாக்கி, நாற்பத்து மூன்று வீட்டுக்கு இரண்டு நாளாக அனுப்பியிருக்கிறேன்.

பட்டியலைப் பாதியாகக் கிழித்து ஆளுக்கொரு பக்கம் கூப்பிட ஆரம்பித்தோம். அம்மணியின் நம்பர் எல்லோரிடமும் இருந்தது. அவர் பேர் சொல்வதற்கு முன்பே மறுமுனையில் "சொல்லுங்க அம்மணி" என்றார்கள். என் நம்பர் யாரிடமும் இல்லை. தவிர, கம்பளிக்குள் பதினோரு தடவை பழகிய வாய், "வணக்கம்" என்று ஆரம்பித்துவிடும். முதல் இரண்டு பேர் வைத்துவிட்டார்கள். எடப்பாடிப் பக்கத்து மூன்றாமவர் மட்டும் பொறுமைசாலி.

"நீங்க நெசமாலுமே மனுசனுங்களா, இல்ல அந்த ரெக்காடுங்களா?"

"மனுஷன்தாங்க. மேனேஜர் பேசறேன்."

"அதத்தான் அந்த ரெக்காடும் சொல்லும். எங்கீங்க, ஒருக்கா இருமுங்க பாக்கலாம்."

இருமினேன்.

"இன்னொருக்கா."

இருமினேன்.

"செரிங்க. ரெக்காடு இப்படி இருமாது. நெஞ்சுல சளி கட்டியிருக்குதாட்ட இருக்குது, பாத்துக்கோங்க. குஞ்சு அனுப்புங்க."

அடுத்தடுத்த அழைப்புகளில் யாரும் கேட்பதற்கு முன்பே இருமிவிட்டேன். அது வேலை செய்தது. சாயங்காலத்துக்குள், ஏற்கெனவே பச்சை விழுந்த நான்கோடு சேர்த்து, நாற்பத்திரண்டு பேர் முடிந்தது. என் பங்குக்குப் பதினொன்று, மிச்சம் அம்மணி. இடையில் யாரோ பழைய பதிவையே மறுபடி ஏற்றிவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

மிஞ்சியது ஒரே ஒருவர். ராசிபுரம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பெண்மணி. எங்களிடம் முதல் பேட்ச். நேரில் வந்து தேதி எழுதி வாங்கிப் போனவர். எங்கள் யாருடைய நம்பரும் அவரிடம் இல்லை, எங்கள் யாருடைய அழைப்பையும் அவர் எடுக்கவில்லை. பன்னிரண்டு தடவை கூப்பிட்டோம். அவருக்கு இரண்டாயிரம் குஞ்சு. மற்றவர்கள் கொட்டகையின் அளவுக்குத்தான் கேட்டிருப்பார்கள். யாராலும் கூடுதலாக வாங்க முடியாது.

முதலாளியிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"வண்டில நீங்களும் ஏறிப் போங்க. கொட்டகை செரியில்லீன்னா ஒரு பெட்டி எறக்கப்படாது. அப்படியே திருப்பிட்டு வந்துருங்க. வந்து எங்க வெப்பீங்கன்னு நான் கேக்கமாட்டனுங்க."

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பின்னால் இருபது பெட்டி. பெட்டிக்கு நூறு குஞ்சு. ஆண்டகளூர்கேட் தாண்டியதும் டிரைவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், ஒருக்கால் அங்க ரெடியில்லீன்னா, உங்க ஊட்டு ஹாலு எத்தன அடி இருக்குமுங்க?"

"ஏன்?"

"சும்மா கேட்டனுங்க. ஃபேன மட்டும் நிறுத்திப்போடோணும்."

சாலையோரத்தில் விசாரித்து விசாரித்து, ஒரு சோளக்காட்டைச் சுற்றி, அந்தப் பண்ணையைக் கண்டுபிடித்தோம். கேட் பூட்டியிருந்தது. ஹாரன் அடித்ததும் அந்த அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் சாவி இருந்தது. பூட்டின் பக்கம் அதைக் கொண்டுபோகவில்லை.

"யாருங்க?"

பொரிப்பகத்தின் பெயரைச் சொன்னேன்.

"கார்டு இருக்குதுங்களா?"

கம்பிவழியாக நீட்டினேன். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த போட்டோ. அவர் அதைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார்.

"இது உங்க தம்பிங்களா?"

"நான்தாங்க. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

டிரைவர் ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த அம்மா கார்டைத் திருப்பித் தராமல், ஒரு பெட்டியைக் கேட் பக்கம் கொண்டுவரச் சொல்லிக் கம்பிவழியே பார்த்தார். மூடியில் அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுப் படித்தார். தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பர்ஸை எடுத்து, அதிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து விரித்தார். மேலே எங்கள் கம்பெனி பெயர், கீழே புக்கிங் அம்மணியின் கையெழுத்தில் தேதி. இரண்டு பெயரும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார்.

"கொட்டகையைப் பார்க்கலாமுங்களா?" என்றேன். இருபது பெட்டியின் கதியும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதைப் பொறுத்திருந்தது.

கதவைத் தள்ளினார். சுண்ணாம்பு வாசம். தரையில் புது உமி, அதன்மேல் செய்தித்தாள் மடிப்பில்லாமல் விரித்திருந்தது. வட்ட வட்டமாகத் தகடு வளைத்து, ஒவ்வொரு வட்டத்துக்கு மேலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போனதும் முகத்தில் சூடு அடித்தது. தண்ணீர்த் தொட்டிகளில் வெல்லம் கரைத்த நிறம்.

"எப்ப இருந்துங்க எரியுது?"

"நேத்து மத்தியானத்துலருந்து."

"போன் வந்ததேங்க, ஒண்ணை அழுத்தவே இல்லையே?"

"அமுத்துவாங்களா? வணக்கங்கறான், அவன் பாட்டுக்குப் பேசறான், நாம கேட்டா பதில் சொல்லமாட்டேங்கறான். அப்பறம் அந்தப் பன்னண்டு போனு. திருடன்தான் அத்தன தடவ கூப்புடுவான். தேதி எழுதிக் குடுத்திருக்கறீங்க. நானு அமுத்துலீன்னா முட்ட பொரியாம நின்னுக்குமா?"

இந்தக் கேள்வி எங்கள் முதலாளிக்கும் தோன்றியிருக்காது. டிரைவர் பெட்டிகளை இறக்கத் தொடங்கியிருந்தார்.

"சும்மா நிக்காதீங்க, கை குடுங்க," என்றார் அந்த அம்மா. "மொதத் தண்ணிய மூக்க நனைச்சுக் காட்டோணும். இல்லீன்னா தொட்டி எங்கிருக்குதுன்னே தெரியாது இதுகளுக்கு."

உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாகச் சத்தம் போட்டன. பெட்டிக்குள் கை விட்டு ஒன்றை எடுத்தேன். எடை என்று எதுவும் இல்லை. உள்ளங்கையில் சூடாக ஏதோ துடித்தது. பயத்தில் இறுக்கிவிட்டேன்போல.

"கழுத்தப் புடிக்காதீங்க. நெசமாவே குஞ்சுக் கம்பெனிலருந்துதான் வர்றீங்களா?"

"ஆமாங்க."

"பன்னண்டு வருசமா அங்க என்னதான் பண்ணறீங்க?"

டிரைவர் ஆர்வத்தோடு நின்று என்னைப் பார்த்தார். நான் குஞ்சின் மூக்கைத் தொட்டித் தண்ணீரில் வைத்தேன். தலையைத் தூக்கியது, கண்ணை மூடியது, தொண்டை அசைந்தது. கீழே விட்டதும் தள்ளாடிப்போய்ப் பல்புக்கு அடியில் நின்றது. அடுத்ததை எடுத்தேன். இந்தமுறை இரண்டு விரலைத் தளர்த்திக்கொண்டேன்.

அவர் எனக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியைத் திறந்து, "வா சாமி, வா," என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் காட்டி விட்டுக்கொண்டே உதட்டசைவில் எண்ணினார். நூற்றுக்கு இரண்டு சேர்த்துப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். வழியில் ஒன்றிரண்டு போய்விட்டால் ஈடுகட்ட. பெட்டி காலியானதும் என் பக்கம் திரும்பினார்.

"நூத்தி ரெண்டு இருக்குதுங்க."

"எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தாங்க இருக்கும்."

"இருக்குமுங்க," என்றபடி அடுத்த பெட்டியை இழுத்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.